திரும்பித் திரும்பி வந்த ரிப்போர்ட்

கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று ஊரில் ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டால் அவள் கதி அதோகதிதான். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். கல்வி அலுவலகத்துக்கு மெயில் அனுப்புவேன், வருகிற மெயிலைப் பிரின்ட் எடுத்து ஹெட்மாஸ்டர் மேசையில் வைப்பேன். என் வித்தை அத்தோடு முடிந்தது. ஆனால் இரணியல் பக்கம் எங்கள் தெருவில் யாருக்கு ஆதாரில் பிழை என்றாலும், யார் வீட்டு டிவியில் படம் வரவில்லை என்றாலும், "அவகிட்ட கேளு, அவளுக்குத் தெரியும்" என்பார்கள். அதனால்தான் அண்ணன் கல்ஃபில் விழுந்தபோது அந்த மெயில் வேலை என் தலையில் விழுந்தது.

அண்ணன் அங்கே ஒரு கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். சில வருடங்களுக்கு முன்பு திருவனந்தபுரத்தில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றியவன். "இனி போகாண்டாம்" என்று எல்லோரும் சொன்னோம். கேட்டால்தானே. ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு மறுபடியும் போய்விட்டான். வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்திருந்த ஒரு காலை, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த குளச்சல்காரர் எனக்கு ஃபோன் செய்தார்.

"தங்கச்சி, பேடிக்காத, பயப்படாத. அண்ணன் வேலையில வச்சு மயங்கி விழுந்துட்டான். ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்காம், ஆபரேசன் பண்ணணுமாம்."

"பண்ணச் சொல்லுங்க அண்ணே, என்னத்துக்குக் காத்திருக்காவ?"

"நாட்டுல வச்சு நெஞ்சுல பண்ணின ஆபரேசனுக்க ரிப்போர்ட் வேணுமாம். உள்ள வச்சது என்ன வால்வு, என்ன மாத்திர எவ்வளவு திங்கான், ஒண்ணும் தெரியாம கத்தி வைக்க மாட்டாவளாம்."

ரிப்போர்ட் வீட்டில் இருந்தது. அண்ணன் மனைவி, என் மைனி, அதை அலமாரியில் அவள் கல்யாணச் சேலைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள். நான் உடனே ஃபோட்டோ எடுத்துக் குளச்சல்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் ஓடிப்போய் ஆஸ்பத்திரி கவுண்டரில் ஃபோனை நீட்டினார். அங்கிருந்தவள் ஃபோனைத் தொடக்கூட இல்லையாம். ஆளைச் சேர்க்கும்போது எழுதிக்கொடுத்த மெயில் ஐடியிலிருந்து ஆஸ்பத்திரி மெயிலுக்கு அட்டாச்மெண்டாக வர வேண்டும், வேறு எப்படி வந்தாலும் செல்லாது என்று சொல்லிவிட்டாள். அந்த ஐடி அண்ணனுடையது. ஊருக்கு வந்திருந்தபோது அதை மைனியின் ஃபோனிலும் போட்டுக்கொடுத்திருந்தான். இதிலேயா அவன் உயிர் தொங்க வேண்டும் என்று எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. மெயில்தானே, அனுப்பினால் போயிற்று என்று நினைத்தேன்.

தக்கலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஃபைல் முழுவதையும் ஸ்கேன் எடுத்து, மைனியின் ஃபோனிலிருந்து அனுப்பினேன். அனுப்பிய கை காய்வதற்குள் பதில் வந்தது. 'ஆஸ்பத்திரிக்காரன் எவ்வளவு சுறுசுறுப்பு' என்று சந்தோஷமாகத் திறந்தேன். ஆஸ்பத்திரி இல்லை. நான் அனுப்பியதே திரும்பி வந்திருந்தது. மேலே ஐந்தில் தொடங்கும் ஒரு பிழை எண். அதற்குக் கீழே, அளவு மீறியது என்று ஒரு வரி. அதற்கும் கீழே புள்ளியும் கோடும் எழுத்துமாக ஒரு பக்கம். எவ்வளவு அளவு வரைக்கும் ஏற்றுக்கொள்வான் என்று மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

மைனி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் பிளஸ் டூ வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், அர்த்தத்தைப் பாதி பிடிப்பாள்.

"அனுப்பினது யாரு மக்கா? மெயிலர்... டீமன். டீமன்னா பிசாசுல்லியா?"

"ஸ்பெல்லிங் வேற மைனி. பிசாசு ஒண்ணும் இல்ல. அது ஒரு மெஷின்."

"பின்ன என்னத்துக்கு அப்பிடி ஒரு பேரு வச்சிருக்கான்?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் வைத்த பெயரா? "போய் சாயா போடுங்க" என்று அவளை அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தபோது சாயாவோடு பைபிளையும் கொண்டுவந்தாள். ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் மேல் பைபிளை வைத்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் அது அங்கே இருப்பது நல்லதாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு நான் செய்யாத சித்து இல்லை. ஃபைலை ஜிப்பாகச் சுருக்கி அனுப்பினேன். பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தடுக்கப்பட்டது என்று வந்தது. யாருக்குப் பாதுகாப்பு? தலைக்குள் ரத்தம் கட்டிக் கிடப்பவனுடைய ரிப்போர்ட்டால் அந்த ஆஸ்பத்திரிக்கு என்ன ஆபத்து? லிங்க்காக அனுப்பினேன். வெளி லிங்க் எதையும் திறக்க அனுமதியில்லை என்று வந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்து வரிசையாக அனுப்பினேன். முதல் சில போனது மாதிரி இருந்தது. பிறகு, நீங்கள் அளவுக்கு மிஞ்சி அனுப்புகிறீர்கள், உங்களை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று வந்தது. போனது மாதிரி இருந்த தாள்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாம் அதே டீமனிடமிருந்துதான்.

ஆபீசில் பிரின்டர் மக்கர் செய்தால்கூட "எளவு" என்று திட்டுகிற வாய் என்னுடையது. அந்த வாரம் முழுக்க அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. சொல்லப் பயமாக இருந்தது. மழை வேறு ஓயவில்லை. கரண்ட் போகும், அதோடு நெட்டும் போகும். நானும் மைனியும் இருட்டுக்குள் அந்த ஃபோனின் வெளிச்சத்தில் முகம் பார்த்து உட்கார்ந்திருப்போம். கரண்ட் வந்ததும் ஃபோன் டிங் என்று அடிக்கும். திறந்து பார்த்தால் டீமன்தான்.

குளச்சல்காரர் தினமும் கூப்பிட்டார். முதலில் "கஞ்சி குடிச்சான்" என்றார். அப்புறம் "பய்ய, மெள்ளப் பேசுகான்" என்றார். அப்புறம் ஒரு நாள், "வலத்து கை தூக்க மாட்டேங்கான் தங்கச்சி, அந்த ரிப்போர்ட்டு என்னாச்சு?" என்று கேட்டார். குரலில் லேசாகக் கோபம் இருந்தது. நாங்கள் இங்கே அசட்டையாக இருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் போல. நான் என்ன சொல்வேன்? மெயில் போகவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வாழ்த்து மெசேஜும் பூப் படமும் உலகம் முழுக்கப் போகிற காலம். ஒரு ரிப்போர்ட்டுக்கு மட்டும் வழியில்லை என்றால் எனக்கே நம்பச் சங்கடமாக இருந்தது.

நான் அனுப்பியவற்றில் ஒரு மெயில் மட்டும் திரும்பி வரவில்லை. தாமதமாகிறது, தொடர்ந்து முயல்கிறோம், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மட்டும் அதற்குப் பதில் வந்திருந்தது. வந்த பதில்களிலேயே அதுதான் மனிதர் பேசுவது மாதிரி இருந்தது. நான் அதை நம்பினேன். ஆனாலும் கையோடு இருக்கட்டும் என்று, மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் தக்கலைக்குப் போய், கடைக்காரரிடம் சண்டை போட்டு, தாள்களைக் கறுப்பு வெள்ளையில் சின்னதாக ஸ்கேன் எடுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் ஸ்டாப்பில் இறங்கிக் குடையை விரிக்கும்போது மணிச்சத்தம் கேட்டது. எங்கள் சபையில் ஆராதனைக்கு அடிக்கும் மணி ஓடிக்கொண்டே இருக்கும். சாவுக்கு அடிக்கும் மணி ஒன்று அடித்து நிற்கும். அந்தச் சத்தம் அடங்கினபிறகுதான் அடுத்தது. இது நின்று நின்று அடித்தது. யாராக இருக்கும் என்று படுக்கையில் கிடந்தவர்களை மனதுக்குள் நினைத்துக்கொண்டே நடந்தேன். முக்குக் கடையில் பழம் வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி வந்து என் கையிலிருந்த குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. குடையை அவளிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் அண்ணனின் நல்ல ஃபோட்டோ உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார், போஸ்டருக்கு. உள்ளே மைனி தரையில் கிடந்து அடித்து அடித்து அழுதாள். ஃபோன் அவள் முறுக்கிய விரல்களுக்குள் இருந்தது.

"யாரு சொன்னா? குளச்சல்காரர் கூப்பிட்டாரா?" என்று கேட்டேன்.

"மெயிலு... மெயிலு வந்துட்டு மக்கா. அவியளுக்க பேரு போட்டு வந்துட்டு..."

விரலைப் பிரித்து ஃபோனை வாங்கிப் பார்த்தேன். நான் மெயிலுக்குத் தலைப்பாகப் போட்டிருந்த வரி மேலே இருந்தது: பேஷண்ட், அதற்குப் பக்கத்தில் அண்ணனின் முழுப் பெயர். அதற்குக் கீழே ஒரு சொல்: எக்ஸ்பயர்ட். தாமதமாகிறது என்று சொன்ன அந்த மெயிலை அனுப்ப முயன்று முயன்று நேரம் தீர்ந்துபோனது, மெயில் காலாவதி ஆயிற்று என்று அர்த்தம். ஆனால் எங்கள் ஊரில் எக்ஸ்பயர்ட் என்றால் வேறு என்ன? லீவ் லெட்டரில் "மை அங்கிள் எக்ஸ்பயர்ட்" என்று எழுதுகிறோம். சபை நோட்டீஸ் போர்டில் அப்படித்தான் எழுதுகிறார்கள். மருந்துக்கும் மனுஷனுக்கும்தான் அந்தச் சொல். மைனிக்கு அந்த மெயிலில் தெரிந்த மூன்று சொல்லும் அந்த மூன்றுதான்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு போடுவது என்று தெரியவில்லை. "மைனி, உங்களுக்கு வெளிவு உண்டா இல்லியா? எனக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேக்கப்பிடாதா? உசுரோட இருக்கப்பட்ட ஆளுக்கு மணி அடிக்க விட்டிருக்கிய!" என்று அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் கத்தினேன். கத்திக்கொண்டே குளச்சல்காரரைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். அவர் பதறிப்போய் ஃபோனை அண்ணனின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்னட்டி... அங்க என்ன சத்தம்?" என்றான் அண்ணன். அடிநாக்கில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறவன் மாதிரி இருந்தது குரல். ஆனாலும் அவன்தான்.

வீடு முழுக்க ஒரே சிரிப்பும் அழுகையும். ஒருவர் மணியை நிறுத்த ஓடினார். மணி அடித்தவர் மழையில் நனைந்தபடியே வந்து வாசலில் நின்று, "ஆளு உசுரோட உண்டும்லா? உள்ளதுதானே?" என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு போனார். "சாவுச்சேதி பொய்யா வந்தா ஆயுசு கெட்டி, இனி அவனுக்கு ஒண்ணும் வராது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாற்காலிகள் வந்த வழியே திரும்பிப் போயின. எல்லோரும் போனபின் வாசல் கதவைச் சாத்தினேன். மணி அடித்தது அடித்ததுதானே என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. நான் படித்தவள், எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

மைனி மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள், "செத்தது மெயிலு மட்டுந்தானா மக்கா?"

"மெயிலு மட்டுந்தான்."

"மெயிலு எப்பிடிச் சாவும்?"

"மைனி, நல்லாக் கேட்டுக்கிடுங்க. இனி இங்கிலீசுல என்ன வந்தாலும் கெட்டதா நினைக்கப்பிடாது. நல்லதுன்னே நினைங்க. அழவும் வேண்டாம், ஊரக் கூட்டவும் வேண்டாம். என்ன கேட்டியளா?"

"கேட்டேன்" என்றாள், வாத்திச்சியிடம் பிள்ளை சொல்வது மாதிரி.

கையிலிருந்த சின்ன ஸ்கேனும் மொத்தமாக அனுப்பியபோது திரும்பி வந்ததால், செல்லாது என்றாலும் யாராவது வாசித்தால் போதும் என்று நான் அட்டாச்மெண்டை விட்டேன். ரிப்போர்ட்டில் இருந்ததையெல்லாம் மெயிலுக்குள்ளேயே டைப் அடித்தேன். வால்வின் பெயர், மாத்திரையின் பெயர், அளவு, டாக்டர் எழுதியிருந்த குறிப்பு, எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து அனுப்பினேன். அதுவும் வந்துவிட்டது திரும்பி. வேண்டாத விளம்பரம் என்று சந்தேகமாம், உள்ளே தடை செய்யப்பட்ட சொல் இருக்கிறதாம். எந்தச் சொல் என்று சொல்லமாட்டான். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவிட்டுப் பார்த்ததில், மாத்திரையின் பெயர்தான் அது என்று கண்டுபிடித்தேன். மருந்து விற்கிறவள் என்று என்னை நினைத்திருக்கிறது அந்த மெஷின். அந்தப் பெயரைத்தான் அந்த ஆஸ்பத்திரி கேட்டுக்கொண்டிருந்தது. ஃபோனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. மைனி பார்த்துக்கொண்டிருந்ததால் எறியவில்லை.

கடைசியில் ரிப்போர்ட்டின் சுருக்கம் இருந்த ஒரே ஒரு தாளை மட்டும், தக்கலையில் எடுத்த அந்தச் சின்ன ஸ்கேனிலிருந்து பிரித்து, மெயிலில் ஒரு சொல்லும் எழுதாமல் அனுப்பினேன். இரண்டு பேரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். டிங் வரவில்லை. சமையல் ஆயிற்று, சாப்பிட்டோம், வரவில்லை. தூங்கப் போனோம், வரவில்லை. டீமனின் திட்டு வராதது நிம்மதியாக இருக்க வேண்டும். எனக்கு அதுவரைக்கும் இருந்ததைவிடப் பயம் கூடிவிட்டது. மறுநாள் குளச்சல்காரர், "கிடைக்கல்லன்னுதான் சொல்லுகாவ" என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, "அண்ணன் என்னப் பாத்து நீ யாருன்னு கேட்டான் தங்கச்சி" என்றார். மைனியிடம் அதை நான் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை, நான் ஆபீஸ் போகத் தலை சீவிக்கொண்டிருந்தேன். மைனி அவள் அறையிலிருந்து ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மக்கா, டீமன் இல்ல! ஆஸ்பத்திரியில இருந்து நேரே வந்திருக்கு. நான் முழுக்க வாசிச்சேன், பேடிக்கவே இல்ல. பாரு, நோ லாங்கர் ரெக்கொயர்ட். இனி வேண்டாம்னு சொல்லிட்டான்! ஆபரேசன் வேண்டாம். அவியளுக்குச் சொகமாயிட்டு!"

வாங்கிப் பார்த்தேன். சின்ன மெயில். மேற்படி நோயாளி தொடர்பாகத் தாங்கள் அனுப்பிய இணைப்பு கிடைக்கப்பெற்றது, அது இனி தேவைப்படவில்லை, நன்றி. பிழை எண் இல்லை, புள்ளியும் கோடும் இல்லை. சுத்தமான இங்கிலீஷ், ஆபீஸ் இங்கிலீஷ்.

அந்த வரியை நான் எழுதியிருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் மெடிக்கல் லீவில் இருந்த ஒரு வாத்தியார், அவருடைய சர்டிபிகேட்டை நாங்கள் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். சர்டிபிகேட் அதற்குப் பிறகு தபாலில் வந்தது. கிடைக்கப்பெற்றது, இனி தேவைப்படவில்லை என்று எழுதி ஃபைலை நான்தான் மூடினேன். வேறு எப்படி எழுதுவது? ஆபீசில் அதற்கு வேறு வாக்கியம் கிடையாது. அண்ணன் போய்விட்டான் என்று எனக்கு அங்கேயே, சீப்பு கையில் இருக்கும்போதே, தெரிந்துவிட்டது.

மைனி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்ல வேண்டும் என்றாள். மணி அடித்தவரிடம் முதலில் போய்ச் சொல்ல வேண்டும், பாவம் அந்த மனுஷன் அன்றிலிருந்து முகத்தைப் பார்க்கவே கூசுகிறார் என்றாள். என் பக்கம் திரும்பி, "நீ சொன்ன மாதிரிதான் மக்கா, நல்லதுன்னே நினைச்சேன், நல்லதாவே வந்திருக்கு" என்றாள். அன்று அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவளைப் பார்த்துக் கத்தின நான், சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போனேன்.

அப்போது அவள் கையிலிருந்த ஃபோன் அடித்தது. குளச்சல்காரர். நான் கையை நீட்டினேன். அவள் தர மாட்டேன் என்று தலையாட்டிச் சிரித்துவிட்டு, ஃபோனைக் காதில் வைத்தாள். அவரைப் பேசவே விடவில்லை. "அண்ணே, எங்களுக்கு மெயிலு வந்துட்டு, நாங்க எல்லாம் அறிஞ்சாச்சு" என்று சத்தமாகச் சொன்னாள். "அவிய எப்ப வருகாவ, அத மட்டும் சொல்லுங்க."